புல்லுக்குச் செய்த உடம்பு

பாண்டியர்கள் குதிரை வாங்கிய கணக்கைப் பார்த்தால் இன்றைய நிதியமைச்சர்களுக்கும் தலை சுற்றும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ அதை எழுதிவைத்திருக்கிறார். இங்கே ஆண்ட மன்னன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அதே அளவு வாங்குகிறார்கள். ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறுகூடத் தேறுவதில்லை. ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பலேறிய குதிரைகள், தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில் இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்கிறார். வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்துதான் பணம் போனது.

மாணிக்கவாசகர் கதையில் நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்றிருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. காயலில் இறங்கிய குதிரைகளைத் தீர்ப்பதற்கு நரி தேவைப்படவில்லை.

என்னதான் நடந்தது? இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை, லாடம் அடிப்பவரும் இல்லை என்கிறார் போலோ. அப்படிப்பட்டவர்களைக் குதிரை வணிகர்கள் கூட்டி வருவதுமில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்! தீனி என்ன? சோற்றோடு இறைச்சி சேர்த்து வேகவைத்தது. வஸ்ஸாஃப் தரும் பட்டியல் வேறு: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கயிறும் முளையுமாகக் கொட்டிலில் 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்கவைப்பார்களாம். அதன்பின் பயிற்சி எதுவும் இல்லாமல் ஏறி விரட்டுவார்களாம். வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் பாதி உண்மையென்றாலும் போதும், இன்றைய கால்நடை மருத்துவர் தலையில் கைவைத்துக்கொள்வார். பாண்டியர்கள் குதிரையைப் பட்டினி போடவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல் உபசரித்திருக்கிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குதிரையின் மூதாதை ஒரு நாய் அளவுதான் இருந்தது. காட்டுக்குள் இளந்தளிர் தின்றுகொண்டிருந்த அதற்கு முன்னங்காலில் நான்கு விரல்கள். பிறகு வட அமெரிக்காவில் காடு சுருங்கிப் புல்வெளி பரந்தது. புல் சாதுவான தாவரமாகத் தெரியும். தின்று பிழைப்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இலைக்குள் சிலிக்காத் துகள்கள், அவற்றை மென்றால் பல் தேயும். சத்தும் கொஞ்சம், அதுவும் நாருக்குள் பூட்டிக் கிடக்கும். போதாததற்கு வெட்டவெளியில் வேட்டை விலங்குகளுக்குப் பயந்து ஒளிய இடம் கிடையாது. தேயத் தேய ஏறிவரும் பல், நாரை உடைக்கும் மாபெரும் குடல், ஒற்றை விரல் நுனியில் ஓடும் கால் என்று குதிரையின் உடம்பு இம்மூன்றுக்கும் வழி கண்டது. இன்று குதிரைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் கூரையைப் பிரித்துக்கொண்டுதான் இறங்குகின்றன.

முதலில் வயிறு. 400, 500 கிலோ எடையுள்ள விலங்குக்கு இரைப்பை மிகச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். நமக்குச் சாப்பாட்டைக் கண்டால்தான் அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு இருபத்துநான்கு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அந்த அமிலத்தை அடக்கும் உமிழ்நீரோ மென்றால் மட்டுமே ஊறும். புல்வெளியில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் மேயும் விலங்குக்கு இதில் சிக்கலே இல்லை. அதையே கொட்டிலில் கட்டி, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று நம் வசதிக்குத் தீனி வைத்தால் இடைப்பட்ட நேரமெல்லாம் காலி வயிற்றில் அமிலம் நிற்கும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபோது பெரும்பான்மைக்கு இரைப்பைப் புண் இருந்தது தெரியவந்தது. எதிரே ஒரு கட்டுக் காய்ந்த புல் எப்போதும் கிடந்தாலே இந்தப் புண்ணில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஊசிக்கும் மாத்திரைக்கும் முன்னால் வரவேண்டிய வைத்தியம் அது.

குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். குழாய் நுழையும் கோணமும் சாய்வு. உள்ளே போனது மேலே திரும்பாது. வயிற்றில் வாயு சேர்ந்து உப்பினால் இரைப்பை கிழிந்துபோகும், வாய் வழியே வராது. வாழ்நாளில் ஒருமுறையாவது வாந்தி எடுத்து நிம்மதி அடைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று புரியும்.

இரைப்பையைத் தாண்டிச் சுமார் 20 மீட்டர் சிறுகுடல். அதற்கப்புறம்தான் நிஜமான சமையலறை: 30 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும் ஒரு குருட்டுப் பை, அதையடுத்து இரட்டையாக மடிந்து கிடக்கும் பெருங்குடல். மாடு முதலில் நொதிக்கவைத்து, பிறகு செரிக்கும். குதிரை முதலில் செரித்துவிட்டு மிஞ்சிய நாரைப் பின்னால் நொதிக்கவைக்கும். அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் நாரை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. குதிரையின் சக்தியில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் வருகிறது. குதிரைக்குத் தீனி போடுகிறவர் உண்மையில் இந்தக் குடித்தனத்துக்குத்தான் படியளக்கிறார். அது திடீர் மாற்றத்தைப் பொறுக்காது. பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாற ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு பெரிய பெருங்குடல் வயிற்றுச் சுவரோடு சரியாகப் பிணைக்கப்படவில்லை. பாதி மிதந்துகொண்டிருக்கிறது. இடுப்பருகே அது சட்டென்று மடங்கித் திரும்பும் இடத்தில் குழாயும் குறுகுகிறது. சரியாகத் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு வெறும் வைக்கோலாகப் போட்டால் அந்த மடிப்பில்தான் போய் அடைக்கும். வாயு சேர்ந்தால் குடலே இடம் பெயரும், முறுக்கிக்கொள்ளும். இப்படி வரும் வயிற்று வலிகளை எல்லாம் சேர்த்துக் கோலிக் என்கிறார்கள். சில தானாக விட்டுவிடும். வேறு சில, ஒருசில மணி நேரத்திலேயே உயிரை வாங்கிவிடும். எது எது என்று ஆரம்பத்தில் தெரியாததுதான் கொடுமை.

நல்லவேளையாகக் குதிரையின் வயிறு பேசும். விலாவுக்குப் பின்னே, இடுப்பெலும்புக்கு முன்னே இருக்கும் பள்ளத்தில் காதை வைத்தால் குடுகுடுவென்று ஓடுவதும், களக் களக்கென்று ஏதோ இறங்குவதும், நடுவே நீளமாக ஒரு உறுமலும் கேட்கும். இரண்டு பக்கமும் கேட்கவேண்டும். சத்தம் இருந்தால் நிம்மதி, நிசப்தமாக இருந்தால் மருத்துவருக்கு ஃபோன் போடவேண்டும். வலி வந்த குதிரை முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், மேல்உதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும். கீழ்த்தாடையின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் தட்டுப்படும். அங்கே நாடி பார்க்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. வலியோடு அது 60-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்கவேண்டும். ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே இவ்வளவையும் பார்க்கலாம். குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதையெல்லாம் பார்த்துப் பழகாதவருக்கு, அது நோய்ப்பட்ட நாளில் எது வித்தியாசம் என்று தெரியப்போவதில்லை.

இனிக் குளம்பு. நம் கையில் நடுவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மறந்துவிடுங்கள். அந்த ஒற்றை விரலின் நுனியில் குதிரை நிற்கிறது. குளம்பு அந்த விரலைச் சுற்றி வளர்ந்த நகம். மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி, லாடத்தை மாற்றவேண்டும். ஆணி அடிப்பது வலிக்காதா என்று கேட்காத குழந்தை இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்குளம்பைச் சுற்றி வெளிறிய ஒரு கோடு தெரியும். அதற்கு வெளியே இருப்பது வெறும் நகம், உள்ளே இருப்பது உயிர். கைதேர்ந்த லாடக்காரர் ஆணியைக் கோட்டுக்கு வெளியே வைத்து, நுனி பக்கவாட்டில் வெளியேறும்படி சாய்த்து அடிப்பார். கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது சுத்தியல் எழுப்பும் ஒலியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கோட்டைத் தாண்டினால் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் கிருமியால் மிக எளிதில் சாகக்கூடிய விலங்கு குதிரை. அதன் சாணத்திலேயே அக்கிருமி இருப்பதும் சகஜம். தடுப்பூசி தவறவே கூடாது. (நமக்குப் பாம்பு கடித்தால் ஏற்றும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. அந்த வகையில் நாம் அதற்குப் பட்ட கடன் வேறு.)

அந்த நகத்துக்குள் விரல் எலும்பு எப்படி நிற்கிறது? அடியிலிருந்து முட்டுக்கொடுத்து நிற்கவில்லை. நகச் சுவரின் உட்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகி, இரண்டையும் பிடித்து இழுத்தால் வராது அல்லவா? அந்த ஏற்பாடுதான். சுவரிலிருந்து சுமார் 600 மடிப்புத் தகடுகள், எலும்பைச் சுற்றிய உயிர்த்திசுவிலிருந்து அதே அளவு தகடுகள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தகடுகள் வேறு. விரித்துப் போட்டால் ஒரு குளம்புக்குள் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பு. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது முழு உடலின் பளுவும் ஒரு கணம் இந்தத் தகடுகளில் தொங்குகிறது.

இத்தகடுகள் பிரிந்துகொள்வதற்குப் பெயர் லாமினைட்டிஸ். பிடி விட்டதும் எலும்பு கீழே இறங்கும், நுனி சாயும், முற்றிவிட்டால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். குதிரை முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்கால்களில் போட்டுச் சாய்ந்து நிற்கும். ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னால் நடுங்கும். குளம்பு சுடும், கணுவின் பின்னே நாடி துள்ளும். இதற்கு இன்றும் முழுமையான சிகிச்சை கிடையாது. 1973-இல் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்த செக்ரடேரியட்டை, 1989-இல் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது இந்த நோயால்தான். 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எலும்பை ஒட்டவைத்துவிட்டார்கள். ஆனால் முறிந்த காலைத் தாங்கிய மற்றொரு பின்காலின் குளம்பில் லாமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரியில் அதையும் விடைகொடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. மூன்று காலில் நிற்கத் தெரிந்த விலங்கல்ல குதிரை.

கால் உடைந்தால் வருவது புரிகிறது. சாப்பாட்டால் ஏன் குளம்பு போகவேண்டும்? அறிவியல் இதற்கு இரண்டு வழி காட்டுகிறது. குதிரையின் கணையம் மாவுச்சத்தை உடைக்கும் நொதியை மிகக் குறைவாகவே சுரக்கிறது. ஒரே வேளையில் அளவுக்கு மீறித் தானியம் போனால் மிச்சம் அப்படியே பின்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே நார் தின்னும் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு மாவு தின்னும் கூட்டம் பெருகும். லாக்டிக் அமிலம் ஏறும். குடல்சுவர் பழுதாகி நஞ்சு ரத்தத்தில் கலக்கும். அதன் வெப்பம் போய் வெடிக்கும் இடம் குளம்பு. இந்த வகைக்கு, ஆரம்பத்திலேயே காலைப் பனிக்கட்டியில் நிறுத்திவைப்பது தகடுகளைக் காப்பாற்றும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள்.

இன்னொரு வழி அதைவிட ஆச்சரியம். 2007-இல் அதே ஆஸ்திரேலியாவில், ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் தொடர்ந்து இன்சுலின் ஏற்றினார்கள். சர்க்கரை அளவு இறங்காமலும் பார்த்துக்கொண்டார்கள். குடலில் கோளாறு எதுவும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் அத்தனைக்கும் லாமினைட்டிஸ். இன்று மருத்துவர்கள் பார்க்கும் லாமினைட்டிஸில் பெரும்பங்கு இந்த இன்சுலின் வகை. கொழுத்து, கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்புத் திரண்ட, நாள் முழுக்கக் கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு இது வரும். நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை அப்படியே பொருந்தும்: தானியத்தைக் குறை, இனிப்பை நிறுத்து, நடக்கவிடு.

இப்போது காயலுக்குப் போய்ப் பார்க்கலாம். வேகவைத்த சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே சீக்கிரம் சர்க்கரையாகும், இன்சுலின் எகிறும். மிஞ்சியது பின்குடலைக் கெடுக்கும். வறுத்த பார்லி, வெண்ணெய், பால்; 40 நாள் அசைவில்லை; குளம்பைச் சீவ ஆளில்லை. வெயிலும், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயும் தம் பங்கைச் செய்திருக்கும். புழுக்கமான ஊருக்கு வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் ஒரு கோளாறும் உண்டு. உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணித்துக்கொள்ளும் விலங்குக்கு அது பெரும் ஆபத்து. எல்லாம் சேர்ந்த சாவுதான். ஆனாலும் முதல் குற்றவாளி தட்டில்தான் இருந்தது என்பது என் தீர்மானம்.

பின்னே என்ன போடுவது? உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல். 400 கிலோ குதிரை என்றால் நாளுக்கு 6 முதல் 8 கிலோ, ஒரே நேரத்தில் கொட்டாமல் பரவலாக. 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், கோடையிலும் வேலை நாளிலும் அதற்கு மேல். நக்க உப்புக்கட்டி. கொள்ளு உண்டு, ஊறவைத்தோ வேகவைத்தோ, உழைக்கும் குதிரைக்குக் கூடுதலாக. புல்லுக்குப் பதிலாக அல்ல. கொள்ளுக்கு வாயைத் திறக்கும் குதிரை கடிவாளத்துக்கு மூடிக்கொள்ளும் என்று நம்மவர்கள் கேலி செய்வார்கள். வாயைத் திறந்தது என்பதற்காகக் கொடுத்துக்கொண்டே போவதுதான் தப்பு.

தீனிக்கு அடுத்து நடை. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை இல்லை, தசைநாண்கள்தான். குளம்பு தரையில் பதிந்து எழும்போதெல்லாம் உள்ளிருக்கும் மெத்தையும் ரத்தக்குழாய்களும் அமுங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நின்ற இடத்தில் நின்றால் அதுவும் மந்தம், குடலும் மந்தம். துணையும் வேண்டும். நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், தினமும் அரை மணியாவது. காவலுக்கு இன்னொரு குதிரை நிற்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் படுக்கத் தயங்கும்.

மனிதன் கைபடாமல் வாழும் குதிரைகளும் நம் பக்கம் உண்டு. கோடியக்கரையில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. பாக் நீரிணைக்கு அப்பால் நெடுந்தீவில், ஐரோப்பியர் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை. லாடமும் இல்லை, கொள்ளும் இல்லை. கூட்டமாக நடக்கின்றன, பொழுதெல்லாம் புல் மேய்கின்றன. குளம்பு தரையில் உரசித் தானே தேய்கிறது. அதற்காக அவற்றைச் சொர்க்கவாசிகளாக்கிவிடக் கூடாது. நெடுந்தீவில் வறட்சி கடுமையானால் தண்ணீர் கிடைக்காமல் சாகின்றன.

ஊட்டியில் தெருவில் திரியும் குதிரைகளின் கதை வேறு. சவாரிக்கு நின்றவை, வேலை இல்லாதபோது அவிழ்த்துவிடப்பட்டு, குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எச்சில் சோற்றைத் தின்கின்றன. வாந்தி எடுக்க முடியாத, சோற்றுக்குப் பழகாத குடல் என்று மேலே சொன்னதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பட்டினியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஒரு கட்டுப் புல்லின் விலைகூட இல்லை.

கடைசியாகப் பல். குதிரையின் கடைவாய்ப்பல் ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருக்கும்; ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேயும், அதே அளவு மேலே ஏறிவரும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் தேய்மானம் சீராக இருக்காது. மேற்பல்லின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்ப்பல்லின் நாக்குப்பக்க விளிம்பும் கத்தி போலக் கூராகும். கன்னம் கிழிபடும், பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தரையில் விழும், கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறும். முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கியவற்றில் பல பல்வலிக்காரர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாயைத் திறந்துவைத்து நீண்ட அரத்தால் மருத்துவர் ராவிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் பல்லின் கையிருப்புக்கு ஓர் எல்லை உண்டு. 25 வயதை நெருங்கும்போது புதைந்திருந்ததெல்லாம் ஏறி முடிந்து, ஒவ்வொன்றாக ஆடி விழ ஆரம்பிக்கும். ஓட்டப்பந்தயமும் சவாரியும் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும், உடம்பு மட்டும் இன்னும் நன்றாகவே இருக்கும். இளமையில் வாங்கியவர்கள் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வயதில் புல்லை மெல்ல முடியாது. காய்ந்த புல்லைத் தூளாக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, நாளுக்கு நாலைந்து வேளையாகப் பிரித்து வைக்கவேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டால் பல்லில்லாமலே இன்னும் சில ஆண்டுகள் தின்று, நடந்து, வெயில் காய்ந்துகொண்டிருக்கும். 30-ஐத் தாண்டியவையும் இருக்கின்றன.